தாடை திருத்திய தகைமையாளர் டாக்டர் சைமன் ஹல்லிஹென்



ஆண்டு மலருக்காக வகுப்பு வாரியாகப் புகைப்படம் எடுக்கும் நாள் வந்துவிட்டால் போதும், பள்ளி முழுவதும் ஒரே ஆரவாரம். இரட்டைச் சடையும் ரிப்பனும் வழக்கத்தைவிட ஒழுங்காக இருக்கும். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், சகோதரிகளும் ஆசிரியைகளும் நடுவில் நாற்காலியில் என்று இடம் பிடிப்பதற்குள் ஒரு பாடவேளை கழிந்துவிடும். எல்லாம் சரியாகி, படம் பிடிப்பவர் சிரிக்கச் சொல்லும் அந்த ஒரு நொடியில் சில கைகள் மட்டும் வாயருகே போகின்றன. ஓரிரு முகங்கள் முன்வரிசைத் தோழியின் தலைக்குப் பின்னே நழுவுகின்றன. பல ஆண்டுகளாக இதை நான் கவனித்து வருகிறேன். மலர் அச்சாகி வந்தபின் அந்தப் பெண்ணைப் படத்தில் தேடினால் கிடைக்கமாட்டாள். கீழே உள்ள பெயர் வரிசையில் மட்டும் இருப்பாள்.

காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். கீழ்த்தாடை முன்னுக்கு நீண்டிருக்கும். அல்லது அது பின்னுக்கு அமுங்கியிருக்க, மேற்பற்கள் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சிலருக்கு மோவாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். மேலும் கீழும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாவிட்டால், நம் கள்ளக்குறிச்சிச் சீமையின் கரும்பைக்கூட முன்பல்லால் கடிக்க இயலாது. சில எழுத்துகள் நாவில் சரியாக வாரா. வீட்டில் அதைப் பிறவி வாகு என்று விட்டுவிடுவார்கள். பெண் பார்க்க வருகிற பேச்சு எழும்போதுதான் அது திடீரென்று பெரிய கவலையாகிறது.

அது விதியன்று, திருத்தக்கூடிய எலும்புக் கோணல் என்று செயலில் காட்டிய மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். வாய் அறுவை மருத்துவத்தின் தந்தை என்று பல் மருத்துவ உலகம் போற்றும் அவர் பெயர் டாக்டர் சைமன் ஹல்லிஹென்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1810-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் சைமன் பிறந்தார். உழவர் குடும்பம். மற்ற கிராமத்துப் பிள்ளைகளைப் போலக் காடு மேடெல்லாம் ஓடித் திரிந்த சிறுவனுக்கு ஒன்பதாம் வயதில் பெரும் துன்பம் நேர்ந்தது. சுண்ணாம்புக் காளவாய் என்றால் என்னவென்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லை நெருப்பிலிட்டு நாள்கணக்கில் வேகவைக்கும் சூளை அது. மேலே சாம்பல் பூத்து, அணைந்துவிட்டது போலத் தோன்றும். உள்ளே கனல் இருக்கும். அப்படிப் புகைந்துகொண்டிருந்த காளவாய் ஒன்றில் சைமன் விழுந்துவிட்டான். இரண்டு பாதங்களும் வெந்துபோயின.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தச் சிறுவன் படுக்கையிலேயே கிடந்தான். நம்மில் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒருத்தி, எட்டாம் வகுப்பு வரும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். தீப்புண் ஆறும்போது தோல் சுருங்கும், இழுக்கும், உறுப்பைத் தன் பக்கம் வளைக்கும் என்பதை அவன் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவேண்டியிருக்கவில்லை. தன் பாதங்களிலேயே கற்றான். பின்னாளில் அவர் செய்த பெரிய காரியத்துக்கும் இந்தக் காளவாய்க்கும் தொடர்பு உண்டென்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி எழுதி வைத்தாரென்று சொல்லவில்லை. இது என் எண்ணம்.

முறையான கல்வி அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. அந்நாளில் பல் மருத்துவம் என்பது கல்லூரியில் படிக்கும் படிப்பும் அன்று. பல் பிடுங்குவது ஒரு கைத்தொழில். நாவிதரும் கொல்லரும்கூட அதைச் செய்தனர். உலகத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியே பால்டிமோர் நகரில் 1840-ஆம் ஆண்டுதான் தொடங்கப்பட்டது. எனவே சைமனும் கைப்பழக்கத்தால்தான் தொழில் கற்றார். 1830-களின் நடுவில், தம் இருபத்தைந்தாம் வயதை ஒட்டி, எலிசபெத் என்னும் மங்கையை மணந்து, ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள வீலிங் என்ற ஊரில் குடியேறினார். அன்று அது வர்ஜீனியா மாநிலத்தின் ஊர். 1863-இல் மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. கிழக்கிலிருந்து மேற்கே குடிபெயர்ந்த மக்கள் வண்டி கட்டிக்கொண்டு கடந்து சென்ற ஊர் அது. 1849-இல் அங்கே ஆற்றின்மேல் கட்டி முடிக்கப்பட்ட தொங்கு பாலம், ஆயிரம் அடிக்கு மேல் நீண்டு, அந்நாளில் உலகிலேயே நீளமான தொங்கு பாலமாக விளங்கியது.

வீலிங்கில் ஹல்லிஹென் பல்லோடு நின்றுவிடவில்லை. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு உதட்டைத் தைத்துச் சேர்த்தார். பிளந்த அண்ணத்தை மூடினார். கண்புரை அகற்றினார், மாறுகண்ணை நேராக்கினார். நோயாலோ காயத்தாலோ மூக்கிழந்தவர்களுக்குப் புது மூக்கு அமைத்தார். (மூக்கு அமைக்கும் கலையை மேல்நாட்டார் நம் நாட்டிலிருந்து கற்றனர் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் இந்திய முறையைப் பற்றி 1794-இல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் செய்தி வெளிவந்த பிறகுதான் ஐரோப்பாவில் அது பரவியது.) தம் கைக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்தார். முறிந்து போன முன்பல் வேரைத் திருகாணியால் பற்றி வெளியே எடுக்கும் அவருடைய குறடு வெகுகாலம் பெயர் பெற்றிருந்தது. மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அவர் செய்தார். 1840-களில் உதட்டுப் பிளவு பற்றியும் அண்ணப் பிளவு பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் மருத்துவர்களால் விரும்பிப் படிக்கப்பட்டன. பால்டிமோர் பல் மருத்துவக் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவள் அவள்தான்.

ஒஹாயோ மாநிலத்திலிருந்து இருபது வயதுப் பெண்ணொருத்தியை அவளுடைய குடும்பத்தார் ஹல்லிஹெனிடம் அழைத்து வந்தனர். ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது கழுத்திலும் முகத்தின் கீழ்ப்பகுதியிலும் தீப்பட்டுவிட்டது. உயிர் பிழைத்தாள், ஆனால் ஆறிய புண்ணின் தழும்பு கயிறு போல் இறுகி, மோவாயை மார்பெலும்பை நோக்கி இழுத்துக் கட்டிவிட்டது. தலையை நிமிர்த்த முடியாது. வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்ப முடியாது. கீழுதடு மோவாய்க்குக் கீழே பிதுங்கித் தொங்கியது. எச்சிலை வாயில் நிறுத்திவைக்க இயலவில்லை. பேச்சும் தெளிவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து ஆண்டுகளாகத் தழும்பு இழுத்துக்கொண்டே இருந்ததில் வளரும் பருவத்துக் கீழ்த்தாடை எலும்பே வளைந்து நீண்டு, மேற்பற்களைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கும் அதிகமாக முன்னால் வந்துவிட்டிருந்தது. நியூயார்க் நகரத்துக்குக் கூட்டிச் சென்று மருத்துவமும் பார்த்தாயிற்று, பயனில்லை.

தீப்பட்ட குழந்தைகளின் கதை நமக்குப் புதிதன்று. கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் அடிவாரத்துக் குடிசைகளிலும் தரையோடு இருந்த விறகடுப்பும், காற்றில் ஆடிய சிம்னி விளக்கும் எத்தனை தவழும் குழந்தைகளுக்குப் பகையாயின! அப்படிக் கழுத்து இழுத்துக்கொண்ட பெரியவர்களை வாரச் சந்தையில் பார்த்தவர்கள், ஒஹாயோப் பெண்ணின் நிலையை எளிதில் உணர்வார்கள்.

ஹல்லிஹென் அவளை நன்கு சோதித்துப் பார்த்தார். மற்றொருவராக இருந்தால் தழும்பை மட்டும் வெட்டி விட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியும் கோரம் தழும்புதானே! ஆனால் தழும்பு போனாலும் நீண்டுவிட்ட எலும்பு தானாகக் குறையாது. பற்கள் பொருந்தா, உதடு மூடாது. எலும்பை மட்டும் வெட்டினாலோ கழுத்துத் தழும்பு மறுபடியும் அதை இழுக்கத் தொடங்கும். ஆகவே மூன்று அறுவைகள் வேண்டும் என்று முடிவு செய்தார்: தாடைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று.

முதலாவது தாடை. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரவேலை செய்வோர் சட்டத்தை உள்ளுக்கு மடக்க வேண்டுமானால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, இருமுனைகளையும் நெருக்கிச் சேர்ப்பதுண்டு. அதே வேலையைத்தான் ஹல்லிஹென் ஓர் உயிருள்ள எலும்பில் செய்தார். கீழ்த்தாடையின் இரு பக்கத்திலும், மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் எலும்பை இரம்பத்தால் அறுத்தெடுத்தார். நடுவில் உள்ள முன்பற்களோடு கூடிய பகுதியை அடி எலும்பிலிருந்து குறுக்கே பிரித்து, பின்னுக்குத் தள்ளி, உரிய இடத்தில் பொருத்தினார்.

பொருத்தியாயிற்று; ஆனால் அது நகராமல் நிற்பது எப்படி? உடைந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டலாம். தாடைக்கு எங்கே மட்டை கட்டுவது? இங்கேதான் அவர் பல் மருத்துவர் என்பது கைகொடுத்தது. பொய்ப்பல் செய்வதற்கு எப்படி அச்செடுப்பாரோ, அப்படியே இளக்கிய மெழுகில் அந்தப் பற்களின் அச்சை எடுத்தார். அச்சிலிருந்து வார்ப்பு செய்து, அதன்மேல் ஒரு வெள்ளித் தகட்டை அடித்துப் படியவைத்தார். பற்களையும் ஈறையும் தொப்பி போலக் கவ்விய அந்தத் தகடு, அறுத்த எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டது. எலும்பைப் பிடித்து நிறுத்தும் கைப்பிடி பற்கள்தாம் என்று அவருக்குத் தோன்றியதே, அதைத்தான் அவருடைய மேதைமை என்பேன். அறுத்த துணிவை அன்று.

எந்தக் காலத்தில் இது நடந்தது என்பதையும் மறக்கலாகாது. ஈதர் என்ற மயக்க மருந்தைப் பொதுமேடையில் செய்து காட்டியதே 1846 அக்டோபரில்தான். காட்டியவர் பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் மார்ட்டன். அறுவைப் புண் சீழ்பிடிக்காமல் காக்க லிஸ்டர் வழி சொன்னது 1867-இல். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895-இல். எலும்பின் உட்புறத்தைப் படமாகப் பார்க்காமலே, விரலால் தடவி, பற்களால் அளந்து அவர் அறுத்தார்.

இரண்டாவது, கழுத்து. இறுகிய தழும்பை அறுத்து விடுவித்ததும் தலை நிமிர்ந்தது. ஆனால் அங்கே பெரிய புண் வாய் திறந்துகொண்டது. தோளின்மேல் உள்ள நல்ல தோலை, ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்க, மடலாக எடுத்துத் திருப்பி அந்தப் புண்ணில் பதித்துத் தைத்தார். ஒட்டியிருந்த முனை வழியே இரத்தம் ஓடியதால் தோல் உயிரோடு பிடித்துக்கொண்டது. தீப்பட்ட கழுத்துக்கு இத்தகைய தோள்மடல் முறையைப் பிலடெல்பியாவில் டாக்டர் தாமஸ் மட்டர் சில ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியிருந்தார். மூன்றாவதாகக் கீழுதட்டை உயர்த்திச் சீராக்கினார். பெண் தலை நிமிர்ந்தாள், கழுத்தைத் திருப்பினாள், வாயை மூடினாள், எச்சில் நின்றது, பேச்சு தெளிந்தது.

இந்தச் சிகிச்சையை ஹல்லிஹென் 1849-ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவ ஏடு ஒன்றில் கட்டுரையாக எழுதினார். கோணிய தாடையை அறுத்துச் சீர்செய்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவான முதல் அறுவை என்று இன்றும் பாடநூல்கள் இதைக் குறிக்கின்றன. சற்று யோசித்தால் இதில் ஒரு விந்தை புலப்படும். தழும்பின் இழுப்பு மெல்லியதுதான், ஆனால் இடைவிடாதது. பதினைந்து ஆண்டுகள் மெல்ல இழுத்தே அது எலும்பை நீட்டிவிட்டது. இன்று பல்லுக்குக் கம்பி போடும்போது மருத்துவர் செய்வதும் இதுவே: மெல்லிய, இடைவிடாத இழுப்பு. பல் ஒரு பக்கம் தள்ளப்படும்போது, அது நகரும் திசையில் உள்ள எலும்பு கரைந்து வழிவிடுகிறது. விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து நிரப்புகிறது. அந்தப் பெண்ணின் முகத்தைக் கெடுத்த இயற்கை விதியே இன்று முகத்தைச் சீராக்கவும் பயன்படுகிறது.

ஹல்லிஹென் கம்பி போட்டாரா என்றால், இல்லை. கம்பி வேலை அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. எனவே கம்பியும் கத்தியும் இணைந்த இன்றைய முறையை அவரே கண்டார் என்று சொல்வது மிகையாகும். பல்லையும் எலும்பையும் ஒரே கண்ணால் பார்த்தார். அதுவே பிறர்க்கு வழியாயிற்று.

அவர் வாழ்வின் மற்றொரு பெரும்பணி நம் சகோதரிகளுக்கு உவப்பளிக்கும். வீலிங்கில் நல்ல மருத்துவமனை ஒன்று இல்லாத குறையை அவர் நெடுநாள் உணர்ந்திருந்தார். அறுவைக்குப் பின் நோயாளியை எங்கே கிடத்துவது, யார் இரவெல்லாம் பார்த்துக்கொள்வது? கத்தோலிக்க ஆயர் ரிச்சர்ட் வீலன் ஆண்டகையும் அவரும் கைகோத்தனர். 1850-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் வீலிங் மருத்துவமனைக்கு வர்ஜீனியா சட்டமன்றத்தின் உரிமைச் சாசனம் கிடைத்தது. அதே ஆண்டில்தான் வீலிங் தனி மறைமாவட்டமாயிற்று. வீலன் ஆண்டகை அதன் முதல் ஆயர். 1853-இல் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த கரோண்டலே மடத்திலிருந்து புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் வந்து நோயாளிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். (1827-லேயே புதுச்சேரிக்கு வந்து, நம் பகுதியில் பெயர் பெற்ற குளூனி சூசையப்பர் சபை வேறு, இந்தச் சபை வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம்.) பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டபோது இரு தரப்பு வீரர்களும் இந்தச் சகோதரிகளின் கையால் மருந்து பெற்றனர்.

அந்தப் போரைக் காண ஹல்லிஹென் இல்லை. 1857-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், நாற்பத்தாறே வயதில், காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டு இயற்கை எய்தினார். ஊருக்கு மேலே மேட்டில் உள்ள மவுன்ட் வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் காண விரும்பிய மருத்துவமனை, 170 ஆண்டுகளைக் கடந்தும் நோயாளிகளை ஏற்று வருகிறது.

அவர் காட்டிய வழியை அடுத்த நாற்பதாண்டுகள் எவரும் பெரிதாகத் தொடரவில்லை. சூசையப்பர் சபைச் சகோதரிகள் புறப்பட்டு வந்த அதே செயின்ட் லூயிஸ் நகரில்தான் அது மறுபடி உயிர் பெற்றது. 1897-இல் அங்கே டாக்டர் வில்ரே பிளேர் என்ற இளம் அறுவை மருத்துவர், முன்னுக்கு நீண்ட கீழ்த்தாடையை இருபுறமும் அறுத்துப் பின்னுக்கு நகர்த்தினார். பல் சீரமைப்புக் கலையின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிலும் அந்நாளில் அவ்வூரிலேயே இருந்தார். அந்த அறுவையைப் பற்றி 1898-இல் எழுதினார். கம்பிக்காரரும் கத்திக்காரரும் ஒருவரையொருவர் தேடிச் செல்லத் தொடங்கியது அப்போதுதான். பிறகு 1950-களில் ஆஸ்திரிய மருத்துவர் ஹியூகோ ஒப்வெகேசர், தம் ஆசிரியர் டிரவுனரோடு சேர்ந்து, முகத்தின் வெளித்தோலில் கீறலே இல்லாமல், வாய்க்குள்ளேயே கீழ்த்தாடை எலும்பைப் பலகை பிளப்பது போல நெடுக்காகப் பிளந்து நகர்த்தும் வழியைக் கண்டார். பிளந்த இரு முகங்களும் அகலமாக ஒன்றையொன்று தொடுவதால் எலும்பு நன்கு கூடுகிறது. 1970-களில் மேல்தாடையையும் அச்சமின்றி நகர்த்தும் நிலை வந்தது.

இன்று இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பெற்றோர்க்குச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் ஒரு கட்டம் அவர்களைத் திடுக்கிட வைக்கும். தாடைகள் பொருந்தாதபோது பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் குறையை மறைக்கப் பார்க்கின்றன. கீழ்த்தாடை நீண்டிருந்தால் கீழ்ப்பற்கள் உள்ளுக்குச் சாயும், மேற்பற்கள் வெளியே சாயும். பாவம், அவை எப்படியாவது சந்தித்துக்கொள்ளத் தவிக்கின்றன. அப்படியே வைத்து எலும்பை நகர்த்தினால் பற்கள் பொருந்தா. எனவே முதலில் ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ கம்பி போட்டு, ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பின்மேல் நேராக நிறுத்துகிறார்கள். மறைத்த திரை விலகுவதால், அந்தக் காலத்தில் முகம் முன்னைவிடக் கோணலாகத் தெரியும். பணமும் செலவழித்து முகமும் கெட்டதே என்று சில வீடுகளில் அழுகிறார்கள். பாதியில் நிறுத்தியும் விடுகிறார்கள். அது பிழை. நேரான பற்களை வழிகாட்டியாக வைத்துத்தான் அறுவையின் அளவு முடிவாகிறது.

பிறகு அறுவை. முழு மயக்கத்தில், வாய்க்குள்ளேயே எலும்பைப் பிரித்து, உரிய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் என்ற உலோகத்தாலான சிறு தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்துகிறார்கள். ஹல்லிஹெனின் வெள்ளித் தகட்டுக்குப் பேத்தி என்று இதைச் சொல்லலாம். சில வாரங்கள் கஞ்சியும் கூழும் பழச்சாறுமே உணவு. முகம் வீங்கி வடியும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அதிர்வதால் கீழுதடும் மோவாயும் மரத்துப் போகலாம். பலருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குச் சற்று மரப்பு தங்கிவிடும். இதை மறைத்துச் சொல்லக்கூடாது. எலும்பு கூடியதும் மறுபடி சில மாதங்கள் கம்பியால் கடைசித் திருத்தம். ஆக, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத பயணம்.

வயதும் முக்கியம். வளர்ச்சி முடியாத எலும்பை அறுத்து நகர்த்தினால் அது மேலும் வளர்ந்து பழையபடி கோணலாகலாம். பெண் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழு வயதை ஒட்டித்தான் தாடை வளர்ச்சி ஓய்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் தாமதம். ஆனால் அதுவரை மருத்துவரிடமே காட்டாமல் இருக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. பத்து, பன்னிரண்டு வயதில் காட்டினால், வளர்ச்சியையே நெறிப்படுத்தும் சிறு கருவிகளால் அறுவையைத் தவிர்க்க வாய்ப்புள்ள பிள்ளைகள் பலர் உண்டு. கழுத்தில் தீத்தழும்பு இழுக்கும் குழந்தைக்கோ நாள் தள்ளவே கூடாது. தழும்பை முதலில் விடுவித்தால் தாடை நேராக வளரும்.

நம் பிள்ளைகள் எங்கே போவது? சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பெயரால் அமைந்த பல் மருத்துவ நிலையமும் இருக்கின்றன. ஆனால் கம்பியை முடுக்க மாதம் ஒரு முறை போயாக வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூரிலிருந்து ஒரு தாயும் மகளும் விடியலில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சியில் பேருந்து மாறி, சிதம்பரம் போய்த் திரும்புவதென்றால் ஒரு நாள் கூலி போகும், ஒரு நாள் பள்ளி போகும். அப்படி இருபதுக்கும் மேற்பட்ட பயணங்கள்! கடுக்காயும் புளியும் விற்றுக் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அறுவையைவிட இதுவே பெரிய மலை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. பின்னர் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மாதம் ஒரு முறை கம்பி முடுக்கும் பணியையாவது இங்கேயே செய்துகொள்ள வழி பிறந்தால், எத்தனையோ பிள்ளைகள் பாதியில் நிற்கமாட்டார்கள்.

ஹல்லிஹெனின் கட்டுரையில் அந்த ஒஹாயோப் பெண்ணின் முழுப் பெயர் இல்லை. பிற்காலத்தில் அவள் என்ன ஆனாள், எங்கே வாழ்ந்தாள் என்ற குறிப்பும் அதில் இல்லை. ஆனால் அவளுடைய முகத்தை வரைந்த சித்திரங்கள் இருக்கின்றன. அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. தாடை அறுவை பற்றிய நூல்களில் அச்சித்திரங்கள் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. பதினைந்து ஆண்டுகள் மார்போடு மோவாய் ஒட்டிக் கிடந்த அந்தப் பெண், இரண்டாவது படத்தில் நிமிர்ந்து, உதடுகள் மூடி அமர்ந்திருக்கிறாள்.